சீனத்தின் லிஷு எழுத்துமுறை எவ்வாறு தோன்றி வளர்ந்தது?

‘எழுத்தர் எழுத்து’ எனப் பொருள்படும் லிஷுவை, சீனத்தின் முதல் பேரரசான சின் பேரரசின் காலத்தில் செங் மியாவ் என்பவர் தனியொருவராக உருவாக்கினார் என்பது மரபுவழிக் கதை; ஆயினும் 1975-இல் ஹுபெய் மாநிலத்தின் ஷுய்ஹுதி கல்லறையில் கிடைத்த மூங்கில் ஏடுகளை நோக்கினால், கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே அரசு எழுத்தர்கள் முத்திரை எழுத்து என்னும் பழைய எழுத்துவடிவின் வளைகோடுகளை நேராக்கி விரைந்து எழுதத் தொடங்கிவிட்டது தெரிகிறது. பெருகிவந்த நிர்வாகப் பதிவுகளே இதற்குத் தூண்டுதல் எனலாம்.

சின்னை அடுத்து வந்த ஹான் பேரரசின் காலத்தில், குறிப்பாகக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், இது முழுமையான கலைவடிவம் பெற்றது. எழுத்துகள் அகன்று தட்டையாயின. முதன்மையான கிடைக்கோடு, சீனர் ‘பட்டுப்புழுத் தலை’ என்றழைக்கும் தடித்த முனையில் தொடங்கி, ‘காட்டுவாத்து வால்’ எனப்படும் மேல்நோக்கிய விரிவில் முடிந்தது. பொதுவாக ஓர் எழுத்தில் இவ்வால் ஒருமுறைக்கு மேல் வருவதில்லை. கி.பி. 185-ஆம் ஆண்டைச் சேர்ந்த சாவ் சுவான் கல்வெட்டே இதன் நளினமான சான்று என்பது என் கருத்து. பிற்காலத்தில் அன்றாடப் பயன்பாட்டை, இன்றும் வழங்கும் செந்தர வடிவமான கைஷு எழுத்து கைப்பற்றிக்கொள்ள, சீனத்தின் கடைசிப் பேரரசான சிங் பேரரசின் காலத்தில் பழங்கல்வெட்டுகளை ஆராய்ந்த அறிஞர்கள் லிஷுவுக்குப் புத்துயிர் அளித்தனர்.