வாசகர் கேள்வி-பதில்: பாதியிலயே நின்னுடுற பசங்க

கேள்வி: நான் 6ஆம் வகுப்பு டீச்சர். "நோட்டை எடு, தேதி போடு, 42ஆம் பக்கம் கணக்கை போடு, முடிச்சதும் கொண்டு வா"ன்னு சொன்னா பாதி பேரு தேதியோட நிக்கிறாங்க. திமிரா, மறதியா?

பதில்: திமிரெல்லாம் இல்லீங்க டீச்சர். ஒரே மூச்சுல நாலு வேலை சொல்றீங்க, அதை மனசுல பிடிச்சு வச்சுக்கிட்டே செய்றது 11 வயசுல கஷ்டம்தான், திட்டம் போடுறது, ஆசையை அடக்குறது இதெல்லாம் பாத்துக்குற மூளையோட முன்பகுதி முழுசா முதிரவே 25 வயசு பக்கம் ஆயிடும். அதனால நாலையும் போர்டு ஓரத்துல எழுதிடுங்க, பீரியட் முடியுற வரைக்கும் அழிக்காதீங்க, முடிக்க முடிக்க பசங்களே நோட்டுல டிக் போட்டுக்கட்டும். மறந்தவனுக்கு இம்போசிஷன் குடுக்குறதால கைதான் வலிக்கும் (நம்மில் பலருக்கும் தெரிஞ்சதுதானே).

ஹோம்வொர்க்கை பெல் அடிக்கும்போது கத்தி சொல்லாம 5 நிமிஷம் முன்னாடியே டைரியில எழுத விட்டு, பக்கத்துல இருக்குறவனோட சரிபாக்க சொல்லுங்க. ப்ராஜெக்ட்னா திங்கள் தலைப்பு, புதன் படம், வெள்ளி எழுத்துன்னு பிரிச்சுடுங்க. பழகினதும் போர்டுல எழுதுறதை கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, "அடுத்து என்னடா?"ன்னு அவங்களையே கேளுங்க.