குத்தோவும் கிருபையும்: வாசகர் கேள்வி பதில்

பர்மாவில் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் சபையின் விசுவாச அறிக்கையைக் கொடுத்து, வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் பாஸ்டர். பன்னிரண்டு குறிப்புகள் இருக்கின்றன. எல்லாமே ஒரே அளவு முக்கியமா? வேதாகமத்தில் எத்தனை புத்தகங்கள்? (இளைஞர் ஒருவர், தாம்வே, யாங்கோன்)

பதில்: புரியாததில் கையெழுத்துப் போட வேண்டாம், தம்பி. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு குறிப்பையும் வாசித்து, "இதை எடுத்துவிட்டால் சுவிசேஷம் நிற்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். நிற்காது என்றால் அது அஸ்திபாரம். நிற்கும் என்றால் அது உங்கள் சபையின் ஒழுங்கு.

அஸ்திபாரத்தில் சுவிசேஷ சபைகளுக்குள் பேதமில்லை. வேதாகமம் தேவனால் அருளப்பட்டது. விசுவாசத்துக்கும் நடத்தைக்கும் கடைசி வார்த்தை அதனுடையது. தேவன் ஒருவரே, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியாக இருக்கிறார். இயேசு மெய்யாகவே தேவன், மெய்யாகவே மனிதர். கன்னியிடத்தில் பிறந்து, பாவமில்லாமல் வாழ்ந்து, நமக்குப் பதிலாக மரித்து, சரீரத்தோடு உயிர்த்தெழுந்தார். பாவி தன் முயற்சியால் அல்ல, கிருபையினால் விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்படுகிறான். ஆவியானவர் அவனை மறுபடியும் பிறக்கச் செய்கிறார். கர்த்தர் திரும்ப வருவார், நியாயந்தீர்ப்பார்.

இதில் "சரீரத்தோடு" என்ற ஒரு சொல்லை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். அவருடைய போதனை உயிரோடிருக்கிறது, அதுதான் உயிர்த்தெழுதல் என்று சொல்பவர்கள் உண்டு. லூக்கா 24-இல் எழுந்தவர் கையையும் காலையும் காட்டுகிறார், பொரித்த மீனை வாங்கிச் சாப்பிடுகிறார். கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்று பவுல் எழுதுவது (1 கொரிந்தியர் 15:17) அந்தச் சரீரத்தைப் பற்றித்தான்.

இன்னொரு எச்சரிக்கை. பர்மிய நண்பர்களிடம் பேசும்போது, மறுபடியும் பிறப்பதை "மறுபிறப்பு" என்று சொல்லாதீர்கள். இந்த நாட்டில் அது அடுத்த ஜென்மம் என்றே காதில் விழும். இயேசுவின் வாயிலிருந்தே கேட்ட நிக்கொதேமுவே அதைத் தப்பாகத்தான் புரிந்துகொண்டான். இதே வாழ்க்கையில், இதே ஆளுக்கு, மேலிருந்து வரும் புதிய ஜீவன் என்று விளக்கிச் சொல்லுங்கள்.

ஞானஸ்நானத்தில் மூழ்குவதா தெளிப்பதா, அந்நியபாஷை இன்றைக்கும் உண்டா, கிறிஸ்துவின் ஆயிரவருஷ அரசாட்சி எப்போது, மூப்பர்கள் ஆளுவதா சபைக்கூட்டம் ஆளுவதா: இவற்றில் நல்ல விசுவாசிகள் வேறுபடுகிறார்கள். வேதாகமப் புத்தகங்களின் எண்ணிக்கையையும் கேட்டிருந்தீர்கள். நம்முடையது பழைய ஏற்பாட்டில் 39-உம் புதிய ஏற்பாட்டில் 27-உமாக 66. கத்தோலிக்கருடையது 73, தோபித்து, யூதித்து, மக்கபேயர் போன்றவை அதில் சேர்ந்திருக்கும். எபிரெய வேதத்தில் அவை இல்லாததால் நாம் அவற்றை வேதவாக்கியமாக எண்ணுவதில்லை.

கேள்வி: பக்கத்து வீட்டு பௌத்த அக்கா, "உங்களுக்கும் எங்களைப் போல மூன்றுதானே" என்கிறார். திரித்துவத்தை அவருக்கு எப்படிச் சொல்வது? தண்ணீர், ஐஸ், நீராவி உதாரணம் போதுமா? (சகோதரி ஒருவர், பெகு)

பதில்: அந்த உதாரணத்தை விட்டுவிடுங்கள், சகோதரி. ஒரே தண்ணீர் ஒரு நேரம் ஐஸ், ஒரு நேரம் ஆவி. அப்படியானால் பிதாவே வேஷம் மாற்றிக் குமாரனாக வந்தார் என்றாகும். மூன்றாம் நூற்றாண்டிலேயே சபேலியு என்பவரின் பெயரோடு சேர்த்துச் சபை தள்ளிவிட்ட கருத்து அது. யோர்தானில் குமாரன் தண்ணீரில் நிற்கிறார், ஆவியானவர் புறாவைப் போல இறங்குகிறார், பிதா வானத்திலிருந்து பேசுகிறார். மூவரும் ஒரே நேரத்தில். முட்டை உதாரணமும் உதவாது. ஓடு மட்டும் முட்டையாகாது. குமாரனோ முழுமையான தேவன்.

அக்கா மனதில் இருப்பது யதனா தோன் பா, அதாவது புத்தர், தம்மம், சங்கம் என்ற மும்மணிகள். அங்கே மூன்றும் மூன்று. பர்மிய சபைகள் திரித்துவத்தை "தோன் பா தஸூ" என்கின்றன. "தோன்" மூன்று, "த" ஒன்று. "பா" பெரியவர்களை எண்ணும் சொல், "ஸூ" தெய்வத்தை எண்ணும் சொல். ஆள் என்று எண்ணினால் மூவர், தெய்வம் என்று எண்ணினால் ஒருவர். பர்மிய மொழியே இங்கே உங்களுக்குத் துணை நிற்கிறது. எந்த உதாரணத்தையும் விட அந்த அக்காவுக்கு இது சட்டென்று விளங்கும். பிறகு மத்தேயு 28:19-ஐக் காட்டுங்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் "நாமத்திலே" என்று ஒருமையில் இருக்கிறது, "நாமங்களிலே" என்று இல்லை.

கேள்வி: என் மருமகள் பர்மியப் பெண். ஞாயிறு ஆராதனைக்குப் போவது, காணிக்கை போடுவது எல்லாம் குத்தோ (புண்ணியம்) என்று சந்தோஷமாகச் செய்கிறாள். அதைத் தப்பென்று சொல்லி அவள் மனதை நோகடிக்கலாமா? அவளுடைய அப்பா இறந்த ஏழாம் நாள் அன்னதானத்துக்கு நாங்கள் போகலாமா? (தாயார் ஒருவர், மோல்மீன்)

பதில்: அம்மா, மனதை நோகடிக்கவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம். சுவிசேஷ விசுவாசத்தின் மையமே உங்கள் கேள்வியில் இருக்கிறது.

குத்தோ என்பது நான் செய்த நன்மை, என் கணக்கில் சேர்வது. கிருபைக்குப் பர்மிய வேதாகமத்தில் இருக்கும் சொல் "சேஸூதோ". மருமகள் ஒரு நாளில் எத்தனை முறை "சேஸூ தின் பா தே" என்று நன்றி சொல்லுவாள்! அதில் இருக்கும் அதே "சேஸூ"தான். பிறர் எனக்குச் செய்த உபகாரம் என்று பொருள். "தோ" மரியாதைக்குச் சேர்ப்பது. ஆகவே அவளிடம் இப்படிக் கேளுங்கள்: "மகளே, குத்தோ யார் செய்வது? நாம். சேஸூ யார் செய்வது? எதிரே இருப்பவர். நம்மை இரட்சிப்பது இரண்டில் எது?" எபேசியர் 2:8, 9-ஐப் பர்மிய மொழியிலேயே அவளை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் தமிழில் பத்து முறை விளக்குவதைவிட அது ஆழமாய் இறங்கும்.

அடுத்த வசனத்தையும் விடாதீர்கள். பத்தாம் வசனம் நற்கிரியைகளுக்காகவே சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. இரட்சிப்பு முதலில், கிரியை பிறகு. வரிசை மாறினால் எல்லாம் மாறிவிடும். யாக்கோபு தம் நிருபத்தில் கிரியைகளைப் பற்றிப் பேசுவது பவுலுக்கு விரோதம் என்பார்கள். பவுல் காட்டும், ஆபிரகாம் விசுவாசித்தான், அது நீதியாக எண்ணப்பட்டது என்பது ஆதியாகமம் 15. அப்போது ஈசாக்கு பிறக்கவே இல்லை. யாக்கோபு காட்டும், ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்தது 22-ஆம் அதிகாரம், பல ஆண்டுகளுக்குப் பிறகு. வேர் முதலில், கனி அதற்குப் பிறகு. பவுல் வேரைக் காட்டுகிறார், யாக்கோபு கனியைக் கேட்கிறார்.

மருமகளை மட்டும் பார்க்காதீர்கள். நாமும் குத்தோவைச் சபைக்குள் கொண்டுவருகிறோம், தமிழ்ப் பெயர் வைத்து. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், "தசமபாகத்தில் குறை வைத்தேனோ" என்று நடுங்குவது. மூன்று நாள் உபவாசித்தால் விசா கிடைத்தாக வேண்டும் என்று பொருத்தனை செய்வது. இவை தேவனோடு வியாபாரம். உபவாசமும் காணிக்கையும் நல்லவைதான்; பிள்ளை தகப்பனுக்குச் செய்வதாக இருக்கும் வரைக்கும்.

ஏழாம் நாள் வீட்டுக்குக் கட்டாயம் போங்கள். வெங்காயம் உரியுங்கள், பாத்திரம் கழுவுங்கள், அந்தக் குடும்பத்தோடு உட்காருங்கள். இறந்தவருக்குப் புண்ணியத்தைப் பங்கிட்டு எல்லோரும் "தாது, தாது, தாது" (நன்று, நன்று, நன்று) என்று சொல்லும் இடத்தில் மட்டும் நீங்கள் சொல்லாமல் அமைதியாக இருங்கள். மரித்தவரின் நிலையை நம் கிரியை மாற்றும் என்று நாம் விசுவாசிப்பதில்லை (எபிரெயர் 9:27). போவதற்கு முன்பே மருமகளிடம் இதை அன்பாகச் சொல்லிவையுங்கள். அங்கே வைத்து அவள் முகம் வாடக்கூடாது.

கேள்வி: குழந்தையில் எனக்குத் தெளிப்பு ஞானஸ்நானம் ஆகிவிட்டது. இப்போது பாப்டிஸ்ட் சபைக்குப் போகிறேன். மறுபடியும் எடுக்க வேண்டும் என்கிறார்கள். எனக்குத் தண்ணீர் என்றாலே பயம். (வாசகர் ஒருவர், தட்டோன்)

பதில்: மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், லூத்தரன் சபைகள் ஒரே ஞானஸ்நானம் (எபேசியர் 4:5) என்பதைக் காட்டி, குழந்தையில் பெற்றதே போதும் என்கின்றன. பாப்டிஸ்ட் சபைகள், விசுவாசத்தை வாயால் அறிக்கை செய்தவன் பெறுவதே ஞானஸ்நானம், எனவே இது இரண்டாவது அல்ல, முதலாவது என்கின்றன. பர்மிய மொழியில் பாப்டிஸ்டுகளுக்குப் பெயரே "நிச்சின்", அமிழ்த்துதல். இந்த நாட்டில் இந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1812-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய மிஷனரி அதோனிராம் ஜட்சன் தெளிப்பை ஏற்கும் சபைக்காரர். பயணத்தில் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை ஆராய்ந்து மனம் மாறி, கல்கத்தாவில் மூழ்கி ஞானஸ்நானம் எடுத்தார். 1813 ஜூலையில் ரங்கூனுக்கு வந்தார். முதல் பர்மிய விசுவாசி மௌங் நாவுக்கு அவர் ஞானஸ்நானம் கொடுத்தது 1819 ஜூன் 27-இல்தான். ஆறு ஆண்டுகள் ஆயின.

சபை அங்கத்துவத்துக்காக மட்டும் எடுக்காதீர்கள். வேதத்தை வாசித்து மனச்சாட்சி சொன்னால் எடுங்கள். எடுக்காவிட்டால் இரட்சிப்பு போய்விடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சிலுவையில் தொங்கிய கள்ளன் ஞானஸ்நானம் இல்லாமலே பரதீசுக்குப் போனான். ஆனால் கீழ்ப்படியச் சந்தர்ப்பம் இருந்தும் தள்ளிப்போடுவதற்கு அவனைச் சாட்சிக்கு இழுக்கக்கூடாது.

பயத்துக்கு வருவோம். தண்ணீர் இடுப்புக்கு மேல், மார்புக்குக் கீழ் இருந்தால் போதும். பலர் செய்யும் தவறு, உடம்பை விறைப்பாக வைத்துப் பின்னால் சாய்வது. அப்போது கால் மேலே மிதக்கும், தலை தண்ணீருக்குள் போகாது, பயம் கூடும். முழங்காலை மடக்கி, நாற்காலியில் உட்காருவது போல இறங்குங்கள். கைகளை மார்பில் குறுக்காக வைத்து, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். போதகரின் ஒரு கை உங்கள் கைகளின் மேலும் மற்றது பிடரியிலும் இருக்கும். உள்ளே இருப்பது ஓரிரு விநாடிதான். முந்தின நாள் தண்ணீர் இல்லாத தொட்டியில் ஒரு முறை ஒத்திகை பாருங்கள். வலிப்பு, இரத்த அழுத்தம் இருந்தால் முன்கூட்டியே போதகரிடம் சொல்லுங்கள்.

லுங்கி தண்ணீரில் பலூன் போல எழும்பும். ஆண்கள் அடர்நிறக் கால்சட்டை அணிவது நல்லது. பெண்கள் தமெய்ன் (பர்மியப் பெண்கள் உடுத்தும் லுங்கி) கட்டினால் உள்ளே கால்சட்டை வேண்டும், இடுப்பில் நாடா வேண்டும். சபையாருக்கு ஒன்று: 2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத் தொட்டியில் 1 மீட்டர் உயரம் தண்ணீர் என்றால் 2,400 லிட்டர். நிமிடத்துக்கு 20 லிட்டர் தரும் மோட்டாருக்கு இரண்டு மணி நேரம். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் சனிக்கிழமையே நிரப்பிவிடுங்கள். வயர் வைத்த மைக்கைத் தண்ணீரில் நிற்பவர் கையில் ஒருபோதும் கொடுக்காதீர்கள். மின்கசிவு இருந்தால் உயிரே போகும். ஆற்றில் கொடுப்பதானால் மழைக்காலத்தையும் கடலோதம் ஏறி இறங்கும் நேரத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: "அபாத்திரமாய்" (தகுதியில்லாத விதமாய்) புசித்தால் ஆக்கினை என்று வேதம் சொல்வதால் பல மாதங்களாக நான் திருவிருந்தில் சேரவில்லை. (சகோதரி ஒருவர், இன்செய்ன்)

பதில்: நீங்கள் பாத்திரவானா என்று அந்த வசனம் கேட்கவில்லை. யாருமே பாத்திரவான் இல்லை. 1 கொரிந்தியர் 11:21-ஐப் பாருங்கள்: அந்தச் சபையில் ஒருவன் பசியாயிருந்தான், ஒருவன் குடித்து வெறித்திருந்தான். ஏழைகளை வெட்கப்படுத்திப் புசித்த விதத்தைத்தான் பவுல் கண்டிக்கிறார். 28-ஆம் வசனம், தன்னைச் சோதித்தறிந்து புசிக்கச் சொல்கிறது. விலகிப் போகக்கடவன் என்று சொல்லவில்லை. யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் சனிக்கிழமையே போய்ப் பேசிவிட்டு, ஞாயிறன்று வந்து சேருங்கள்.

திராட்சரசம் கிடைக்காத ஊர்களுக்கு: உலர்திராட்சை 15 டிக்கல் (கால் கிலோ), தண்ணீர் ஒரு லிட்டர். இரவு ஊறவைத்து, காலையில் 20 நிமிடம் கொதிக்கவைத்து, மசித்து வடிகட்டுங்கள். சின்னக் கிண்ணத்தில் ஐம்பது பேருக்கு வரும். அன்றைக்கே செய்யுங்கள், வெயிலில் மறுநாள் புளித்துவிடும்.

கேள்வி: மண்டலே, சகாய்ங் நிலநடுக்கம் கடைசிகாலத்தின் அடையாளம், அங்கே உள்ளவர்களின் பாவத்துக்குத் தண்டனை என்று ஒருவர் பிரசங்கித்தார். என் தங்கை குடும்பம் மண்டலேயில் வீட்டை இழந்தது. (வாசகர் ஒருவர், யாங்கோன்)

பதில்: ஐயா, உங்கள் குடும்பத்தின் துயரத்தோடு அந்தப் பிரசங்கத்தையும் நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. கர்த்தர் வருவார் என்பது அஸ்திபாரம். நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்பதும் அவர் சொன்னதே (மத்தேயு 24:36). பூமியதிர்ச்சிகளைப் பற்றிப் பேசும் அதே பகுதியில், "முடிவு உடனே வராது" என்றும், இவை வேதனைகளுக்கு ஆரம்பம் என்றும் சொல்கிறார்.

தண்டனை என்ற பேச்சுக்கு லூக்கா 13:4 நேரடியான பதில். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று கேட்டு, அல்ல என்று இயேசுவே சொல்கிறார். மண்டலே நிலநடுக்கம் நடந்தது 2025 மார்ச் 28 வெள்ளிக்கிழமை. 7.7 அளவு. சகாய்ங் நிலப்பிளவு மண்டலேயை ஒட்டியே வடக்கு தெற்காக ஓடுகிறது. அதன் இரு பக்கமும் எதிரெதிராக நகரும் நிலம் அன்று அறுந்தது. பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களும் மடாலயத்தில் இருந்தவர்களும் வீட்டில் இருந்தவர்களும் மாண்டார்கள். அவர்களில் யார் பெரிய பாவி என்று எண்ணும் வேலை நமக்குக் கொடுக்கப்படவில்லை. "நீங்கள் மனந்திரும்பாமற்போனால்" என்று இயேசு திரும்பிப் பேசியது செத்தவர்களிடம் அல்ல, கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம்.

உங்கள் தங்கைக்கு ஃபோன் செய்யும்போது இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள். கூரைக்குத் தகரமும், பிள்ளைகளின் பள்ளிச் செலவும் எவ்வளவு என்று கேட்டு, உங்கள் சபையின் டீக்கன்மாரிடம் அந்தத் தொகையைச் சொல்லுங்கள்.