திலகவதியார் வரவில்லை

அன்புள்ள ஐயா,

எனக்கு 34 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தவர் அத்தை. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். குளிப்பாட்டுவது, கஞ்சி கொடுப்பது எல்லாம் நான்தான். 'இது நன்றிக்கடன், அன்பு வேறு' என்கிறார்கள் நண்பர்கள். இரவில் மூன்றாவது முறை கூப்பிட்டால் எரிச்சல் வருகிறது. ஒருநாள் கத்தியும் விட்டேன். காதலும் எனக்கு வாய்க்கவில்லை. அன்பு என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாதோ?

எஸ்., கடலூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் பக்கத்துக் கதையையே சொல்கிறேன். திருவாமூர் திலகவதியாருக்கு நிச்சயித்திருந்த கலிப்பகையார் போரில் இறந்தார். பெற்றோரும் இல்லை. உயிரை விடத் துணிந்தவரைக் காலில் விழுந்து தடுத்தவர் தம்பி மருள்நீக்கியார். தம்பிக்காக அக்கா உயிரோடு இருந்தார். அந்தத் தம்பி சமணத்துக்குப் போனார். நீங்கள் கெடிலத்தைத் தாண்டினால் வருகிற திருப்பாதிரிப்புலியூரில் பெரும்பெயர் எடுத்தார். பிறகு சூலைநோய் என்னும் கொடிய வயிற்றுவலி வந்து துடித்தபோது, அக்காவிடம் சொல்லிப் பிழைக்கும் வழி கேட்டுவரச் சமையல்காரரை அனுப்பினார்.

பெரியபுராணத்தில் பலரும் வேகமாகத் தாண்டிப்போகிற இடம் இதுதான். திலகவதியார் வரவில்லை. தம்பி இருந்த சமணப் பள்ளிக்கு வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். யாருக்காக உயிரை வைத்துக்கொண்டிருந்தாரோ, அவரிடமே! தம்பிதான் இரவோடு இரவாக அக்கா இருந்த திருவதிகைக்கு வந்து காலில் விழுந்தார். அக்கா திருநீறு கொடுத்தார். பொழுது புலரும் நேரத்தில் துடைப்பமும் சாணமும் தோண்டியுமாகக் கோயில் வேலைக்குக் கிளம்பியபோது அவரையும் கூட்டிப்போனார். அந்தத் தம்பிதான் நாவுக்கரசர். எனக்கு அவர் பாடிய பதிகங்களைவிட இந்தத் துடைப்பம்தான் முதலில் நினைவுக்கு வரும். பக்தர்கள் மன்னிக்கட்டும்.

2011 டிசம்பர் 30 விடிகாலை, தானே புயல் கரையேறியபோது நாங்கள் முதுநகரில் இருந்தோம். கூரையில் நான்கைந்து ஓடுகள் போய்விட்டன. கால் ஒடிந்து மாவுக்கட்டோடு கிடந்த அம்மாவுக்கு மேலே, உரச்சாக்கைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். கை இறங்கவில்லை; வாயும் ஓயவில்லை. 'அன்றைக்கே சொன்னேன், ஈரப்படியில் இறங்காதே என்று.' அம்மாவும் சளைக்காமல் திட்டினார். மாவுக்கட்டு நனையவில்லை.

உங்கள் நண்பர்கள் பேரேடு எழுதுகிறார்கள். கடன் என்றால் ஒரு தொகை இருக்க வேண்டும். அத்தை உங்களைக் குளிப்பாட்டியது எத்தனை முறை, நீங்கள் தீர்த்தது எத்தனை என்று எண்ணிக்கொண்டா இருக்கிறீர்கள்?

கத்தியதை மட்டும் அப்படியே விட்டுவிடாதீர்கள். காலையில் கஞ்சி ஊட்டும்போது, 'ராத்திரி கத்திவிட்டேன் அத்தை' என்று சொல்லிவிடுங்கள். வாரத்தில் இரண்டு இரவுக்காவது ஆள் வைத்துவிட்டுத் தூங்குங்கள். தூக்கம் கெட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். அதற்குப் போய் அன்பின்மீது பழி போடுவானேன்?

காதல் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வரலாம், வராமலும் போகலாம். நான் ஜோசியன் இல்லை.

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அந்த மூன்றாவது முறை அத்தை எதற்காகக் கூப்பிடுகிறார்? தண்ணீருக்கா, புரட்டிப் படுக்கவைக்கவா, இல்லை, நீங்கள் பக்கத்தில்தான் இருக்கிறீர்களா என்று பார்க்கவா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.