குளோன் சவுக்கு, தேக்கு ஜீனோம்: கேட்டதும் சொன்னதும்

(மர இனப்பெருக்கத் திடல்களில் இருபது வருடம் டேப்பும் நோட்டுமாக அலைந்தவன். மரபியல் கேளுங்கள், சொல்கிறேன். விலை கேட்காதீர்கள்.)

கேள்வி: குளோன் சவுக்கு மரபணு மாற்றியதா சார்? பக்கத்துக் காட்டுக்காரர் பயமுறுத்துகிறார்.

பதில்: முருங்கைப் போத்தை ஒடித்து நடுகிறோமே, அது மரபணு மாற்றமா? இதுவும் அதேதான். தேர்ந்தெடுத்த மரத்தின் துளிரை நறுக்கி, வேர் ஊக்கியில் தொட்டு, மிஸ்ட் சேம்பரில் (பனிபோல் நீர் தெளிக்கும் அறையில்) வேர்பிடிக்க வைக்கிறார்கள்.

கேள்வி: எந்தக் குளோன் நல்லது?

பதில்: மண்ணும் தண்ணீரும் சொல்லாமல் கேட்டால் எப்படி? எதை வாங்கினாலும் ரசீதில் குளோன் எண்ணை எழுதி வாங்குங்கள்.

கேள்வி: தாவரவியல் மாணவி நான். தேக்கு ஜீனோமைத்தான் படித்துவிட்டார்களே, நல்ல தேக்குக்கு ஏன் இன்னும் காத்திருக்கிறோம்?

பதில்: கேள்வி என்றால் இது கேள்வி அம்மா. கோவை வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தார் 2018-இல் தேக்கின் ஜீனோமை, அதாவது அதன் மொத்த டிஎன்ஏ எழுத்து வரிசையை, வரைவாக வெளியிட்டார்கள். சுமார் 32 கோடி எழுத்து. இது சின்னது. நார்வே ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்துக்கு 2000 கோடி, மனிதனைப்போல் ஆறேழு மடங்கு.

எழுத்துக்கூட்டுவது வேறு, பொருள் புரிவது வேறு. வளர்ச்சி ஒரு ஜீனில் உட்கார்ந்திருக்கவில்லை. நூற்றுக்கணக்கான ஜீன்கள் ஆளுக்குக் கொஞ்சம் இழுக்கின்றன. அதனால் திடலில் ஆயிரம் மரத்தை அளந்து, அதே மரங்களின் டிஎன்ஏ குறிகளையும் எடுத்து, இரண்டையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுகிறார்கள். பிறகு நாற்று சாண் உயரம் இருக்கும்போதே ஓர் இலையைக் கிள்ளி, தேறுமா என்று மதிப்பிடலாம். தேக்கு போன்ற மரத்தில் எத்தனை வருடம் மிச்சம், பாருங்கள்.

ஆனால் அந்தக் கணக்குக்கு அஸ்திவாரம் டேப்தான். 1.37 மீட்டர் உயரத்தில், முசுறு கடிக்கக் கடிக்க எடுத்த சுற்றளவு. ஒரு வரிசையில் லேபிள் மாறிப்போய், ஒரு வருட அளவை அப்படியே தூக்கிப்போட்டிருக்கிறேன். பெரிய இடத்திலும் நடக்கும்: அமெரிக்கச் செஸ்நட் மரத்தை நோயிலிருந்து மீட்க உருவாக்கிய மரபணு மாற்ற மரம், ‘டார்லிங் 58’ என்று சோதித்துவந்தது, உண்மையில் ‘டார்லிங் 54’ என்று 2023-இல் வெளியே வந்தது. ரசீது, ரசீது என்று நான் கத்துவது இதனால்தான்.

கேள்வி: டிஎன்ஏ சோதித்த சந்தனக் கன்று, 10 வருடத்தில் வைரம் (வாசனையுள்ள நடுக்கட்டை) உறுதி என்கிறார்கள்.

பதில்: கன்றின் டிஎன்ஏவைப் பார்த்து அப்படி உறுதி தரும் சோதனை கிடையாது. அந்தப் பணத்தில் நல்ல துணைச்செடி நடுங்கள். சந்தனம் பக்கத்து வேரை உறிஞ்சி வாழ்வது.

கேள்வி (கடலூர்): குளோனுக்கு ஆணிவேர் இல்லை. 2011 தானே புயலைப் பார்த்தவன் நான். விதை நாற்றுதான் நிற்கும், ஒத்துக்கொள்ளுங்கள்.

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. துளிரில் வந்த செடிக்கு நிஜமான ஆணிவேர் வராது. ஆனால் அது விடும் வேர்களில் சில நேரே கீழே இறங்கும். நாற்றை நீண்ட நாள் பையிலேயே போட்டுவைத்தால் வேர் சுருளும். சாய்வதற்கு அதுவே போதும். விதை நாற்றுக்கும் அதே கதிதான்.

கடலூர்: சுருள்வேர் எல்லாம் நர்சரிக்காரன் சொல்லும் சாக்கு. எங்கள் தாத்தா வைத்த விதைச் சவுக்கு அசையவில்லை.

பதில்: பாத்தியிலிருந்து பிடுங்கித்தானே நட்டிருப்பார்? பிடுங்கும்போதே ஆணிவேர் முனை அறுந்திருக்குமே!

இன்னொருவர்: எங்கள் ஊரிலும் குளோன்தான் சாய்ந்தது.

மற்றொருவர்: எங்களுடையது நின்றது.

பதில்: வயது, இடைவெளி, மண், காற்று வந்த திசை. நாலையும் சொல்லாமல் இது பஞ்சாயத்து, ஆராய்ச்சி இல்லை.

கேள்வி: எந்தக் குளோன் நல்லது?

பதில்: மேலே.

கேள்வி: 10 ஏக்கருக்கும் ஒரே குளோன் போடலாமா?

பதில்: கூடாது. யூகலிப்டஸ் இலைக்காம்பில் முடிச்சுப்போடும் குளவி 2000-களில் வந்தபோது சில குளோன்களைத்தான் தேடிப்பிடித்து வதைத்தது. நாலைந்து குளோனைத் தனித்தனிப் பட்டையாக நடுங்கள்.

கேள்வி: எது நல்ல குளோன் என்று கடைசிவரை சொல்லவில்லையே?

பதில்: சொல்லமாட்டேன்.

கடலூர்: எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த மாதம் வெட்டு; இரண்டு வகையும் என் கொல்லையில் இருக்கிறது.

பதில்: அதை முதலிலேயே சொல்லக்கூடாதா அண்ணே! ஒரே வயதில் குளோன் ஐந்து, விதை ஐந்து. அடிக்கட்டை எடுப்பவரிடம் சொல்லி, வேர் அறாமல் தோண்டிப் படம் போடுங்கள். ஜேசிபி வேண்டாம், கடப்பாரை.