கடாரம் எங்கே போனது?

ஐயா, வணக்கம். பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ராஜேந்திர சோழன் கடாரத்தை, அதாவது இன்றைய கெடாவை, வென்றதைச் சொன்னேன். "அப்புறம் அந்த ஊர் எங்கே போச்சு, டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். போரில் அழிந்துவிட்டது என்றேன். சரிதானா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

சரியில்லை. அடுத்த வகுப்பிலேயே திருத்திவிடுங்கள். படையெடுப்பு நடந்தது 1025-இல். 1090-இல் கடாரத்து அரசனின் தூதர்கள் குலோத்துங்க சோழனிடம் போய், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்குரிய ஊர்களுக்கு வரிவிலக்கு வாங்கி வருகிறார்கள். செப்பேடே இருக்கிறது. அந்தப் பையனுக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

கடாரத் துறைமுகத்தை மெல்ல மெல்ல மூடியது வண்டல். கெடாவின் சுங்கை பத்துவில் தோண்டியெடுத்த பழைய படகுத்துறைகள் இன்று செம்பனைகளுக்கு நடுவே, கடலைவிட்டு வெகுதூரம் உள்ளே கிடக்கின்றன. ஆழம் குறைந்த துறைக்கு வணிகம் வராது. 15-ஆம் நூற்றாண்டில் மலாக்கா தலையெடுத்துவிட்டது.

இதை வகுப்பில் செய்தே காட்டலாம். அகலத் தட்டில் ஈர மணலைச் சரிவாக அணைத்து, தாழ்ந்த பக்கம் தண்ணீர் ஊற்றுங்கள். அதுதான் கடல். மேட்டிலிருந்து விரலால் ஆறு கீறி, அது கடலைத் தொடும் இடத்தில் தீக்குச்சி நடுங்கள்; அதுதான் படகுத்துறை. பிறகு கலங்கல் நீரைக் கரண்டி கரண்டியாக ஆற்றில் விடுங்கள். ஒவ்வொரு முறையும் மண் படியும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் குச்சியோடு அடித்துப் போய்விடும். மணல் காய்ந்திருந்தால் நீரை உறிஞ்சிவிடும், ஆறே ஓடாது. பத்திருபது கரண்டிக்குப் பிறகு குச்சி தரையில் நிற்கும்.

மெர்போக் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனால் புக்கிட் பத்து பஹாட் சண்டியின் (சண்டி என்றால் இங்கே பழங்கோவில்) முன் நேரம் செலவிடுங்கள். பக்கத்திலுள்ள சில சண்டிகள் வேறிடத்திலிருந்து பெயர்த்து வந்தவை. இது கட்டிய இடத்திலேயே இருப்பது. "கோபுரம் எங்கே?" என்பார்கள். தூண் நின்ற கல் அடிகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே மரத்தூணும் கூரையும் இருந்து மக்கிப்போயின. சோழர் கட்டிய கோவில் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதற்குச் சான்றில்லை.

உங்கள் செபராங் பிறையிலேயே 1834-இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. 5-ஆம் நூற்றாண்டில் புத்தகுப்தன் என்ற மாலுமி, பயணம் நல்லபடி முடிய வேண்டிப் பொறித்தது. நடுவில் பௌத்தத் தூபி (ஸ்தூபம்) வரைந்திருக்கும். கல் இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில். படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ராஜேந்திரனுக்கு 500 ஆண்டு முந்தியது அது.