தரைக்கு அடியில் ஒரு பஸ் இன்ஜின்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்தில் ஆர்வலர்கள் பராமரித்து ஓட்டும் பழைய ரயில்பாதை ஒன்றில், 1950களைச் சேர்ந்த மூன்று பெட்டி டீசல் ரயிலில் சென்ற வாரம் பயணம் செய்தேன். மூன்று விஷயங்கள் எனக்குப் புரியவில்லை. வண்டி கிளம்பி வேகம் பிடிக்கும்போது சத்தம் ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று அடங்கியது, வண்டி சற்று மிதந்தது, பிறகு மறுபடி ஏறியது. இப்படிச் சில முறை. டிரைவர் புதியவரோ என்று நினைத்தேன். அடுத்தது, வண்டியின் முகப்பில் பஃபருக்கு (மோதலைத் தாங்கும் முட்டு) மேலே சிறிய நீலச் சதுரம் ஒன்று வரைந்திருந்தது. அழகுக்காக வரைந்ததுபோலத் தெரியவில்லை. மூன்றாவது, ஹீட்டரைப் போட்டதும் பெட்டி முழுக்க டீசல் வாடை. உடன் வந்த பெரியவர்கள் இவை ஒவ்வொன்றையும் பழைய நண்பரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசிக்கொண்டு வந்தார்கள். அதிரவும் நாறவும் செய்யும் ஒரு வண்டிமேல் இத்தனை பிரியம் எப்படி?

எஸ்., கிளாஸ்கோ

அன்புள்ள எஸ்.,

டிரைவர் சரியாகத்தான் ஓட்டியிருக்கிறார். அந்த இடைவெளிகள் இல்லாமல் வண்டி வேகம் எடுத்திருந்தால்தான் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

நீங்கள் கேட்டவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே. 1950களின் நடுவில் பிரிட்டிஷ் ரயில்வே நீராவியை விட்டு விலகத் தொடங்கியபோது, கிளைப்பாதைகளுக்கும் புறநகர்ப் பாதைகளுக்கும் என்று தனியாக இன்ஜின் வடிவமைக்க நேரம் செலவழிக்கவில்லை. சாலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஏ.இ.சி., லேலண்ட் நிறுவனங்களின் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின்களை எடுத்து, படுக்கைவாட்டில் திருப்பி, பெட்டியின் தரைக்கு அடியில் தொங்கவிட்டார்கள். சுமார் 11 லிட்டர் கொள்ளளவு, 150 குதிரைத்திறன். மோட்டார் பெட்டி ஒன்றுக்கு இப்படி இரண்டு. நம்மூர் டெமு வண்டியில் டீசல் இன்ஜின் மின்சாரம் தயாரிக்கும், சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார். இந்த வண்டிகளில் அந்த இடைத்தரகர் கிடையாது. பஸ்ஸில் இருப்பதுபோலவே கியர்தான்.

இன்ஜினின் சுழற்சி முதலில் ஃப்ளூயிட் கப்ளிங்குக்கு, அதாவது உள்ளே நிரப்பிய எண்ணெய் வழியாகச் சுழற்சியைக் கடத்தும் இணைப்புக்குப் போகும். அங்கிருந்து ஒரு ஃப்ரீவீல், அதை அடுத்து நான்கு கியர் கொண்ட எபிசைக்ளிக் கியர்பாக்ஸ் (நடுப் பல்சக்கரத்தைச் சிறு பல்சக்கரங்கள் சுற்றிவரும் வகை), பிறகு சுழற்சியைக் கடத்தும் நீண்ட தண்டான கார்டன் ஷாஃப்ட், கடைசியாக போகியின் (பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டம்) உள்பக்க ஆக்சிலில் பொருத்திய ஃபைனல் டிரைவ் எனும் பல்சக்கரப் பெட்டி. ஓர் இன்ஜின் ஓர் ஆக்சிலைத்தான் சுழற்றும். மூன்று பெட்டி வண்டியின் இரு முனைகளிலும் மோட்டார் பெட்டி, நடுவில் இன்ஜின் இல்லாத பெட்டி. ஆக நான்கு இன்ஜின், 600 குதிரைத்திறன். கிளாஸ்கோ வட்டாரத்துக்காக இங்கிலாந்தின் டார்பியில் 1960, 61-இல் கட்டிய, கிளாஸ் 107 என்ற வகையைச் சேர்ந்த 26 வண்டிகள் எஃகு உடம்போடு மூன்று பெட்டியும் சேர்ந்து ஏறத்தாழ 100 டன் இருந்தன. டன்னுக்கு 6 குதிரைத்திறன் என்பது தாராளம் இல்லை. அதைக் கடைசிச் சொட்டுவரை பிழிந்தெடுக்கத்தான் கியர்.

டிரைவர் முதல் கியரைப் போட்டு, த்ராட்டிலை (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) முதல் படியில் வைத்து, கப்ளிங் இழுக்கத் தொடங்கியதும் மேலே கொண்டுபோவார். த்ராட்டிலுக்கு நான்கு படிகள். மணிக்கு 15 மைல் வந்ததும் இரண்டாம் கியர், 27-இல் மூன்றாவது, 41-இல் நான்காவது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பு த்ராட்டிலை முழுதாக மூட வேண்டும். இன்ஜின் வேகம் இறங்கக் காத்திருந்து, கியரை மாற்றி, பிறகே மறுபடி திறக்க வேண்டும். நீங்கள் கேட்ட அடக்கம் அந்தக் காத்திருப்புதான்.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? கியர்பாக்ஸுக்குள் முதல் மூன்று கியர்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை, சுழலும் டிரம்மைக் காற்றழுத்தத்தால் இறுக்கிப் பிடிக்கிறது. இன்ஜின் அதிவேகத்தில் இருக்கும்போது பிடிக்கச் சொன்னால் பட்டை வழுக்கும், சூடேறும், உறைப்பூச்சு தேயும். பயணிக்கு அது முதுகில் ஓர் உதை. டிரைவர் ஒருவர் கையசைத்தாலும் கீழ்ப்படிவது ஒரே இன்ஜின் இல்லை என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வண்டிகளை ஒன்றோடொன்று கோத்தால் ஆறு மோட்டார் பெட்டிகள், 12 இன்ஜின்கள் வரை ஒரே கைப்பிடிக்குக் கட்டுப்படும். 12 கியர்பாக்ஸும் ஒரே கணத்தில் மாறாது. ஒன்று பின்தங்கினால் அந்தப் பெட்டியில் மட்டும் குலுக்கல் தெரியும். ஒரு விநாடிக்கு மேல் பொறுமையாகக் காத்திருந்து மாற்றும் டிரைவரின் வண்டியில் தேநீர் தளும்பாது.

இந்தக் காத்திருப்புக்குச் சமதளத்தில் விலையில்லை. ஏற்றத்தில் உண்டு. கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து வெளியேறியதுமே கௌலேர்ஸ் ஏற்றம். ஏறத்தாழ ஒன்றரை மைலுக்கு, 41 முதல் 50 அடிக்கு ஓர் அடி என்று சுரங்கத்துக்குள்ளேயே தொடங்கி ஏறும் பாதை. 1908 வரை ரயில்களைக் கம்பிவடம் கட்டி இழுத்த இடம் அது. அங்கே த்ராட்டிலை மூடும் விநாடியிலேயே வண்டி வேகம் இழக்கும். சீக்கிரமாக மாற்றினால் மேல்கியரில் இன்ஜின் திணறும், கீழ்க்கியருக்குத் திரும்ப வேண்டியிருக்கும். அதனால் இரண்டாம் கியரை அதன் எல்லைவரை கதறவிட்டு, பிறகு மாற்றுவார்கள். நான்கு இன்ஜின்களில் ஒன்று செத்திருந்தால் கணக்கு டன்னுக்கு நாலரை குதிரைத்திறனாகச் சுருங்கிவிடும். இன்வர்கீதிங் ஊரிலிருந்து ஃபோர்த் ரயில் பாலத்துக்கு ஏறும் 70-க்கு 1 சரிவிலும் அன்று வண்டி மூன்றாம் கியரிலேயே கிடக்கும்.

ஃப்ரீவீலைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. சைக்கிளில் பெடலை நிறுத்தினாலும் சக்கரம் ஓடுகிறதே, அதே ஏற்பாடுதான். த்ராட்டிலை மூடியதும் இன்ஜின் தன்போக்கில் மெதுவாக ஓடும், வண்டி தன் உந்துவிசையில் உருளும். இறக்கத்தில் இன்ஜினை வைத்து வேகத்தைத் தடுக்க முடியாது என்பது இதன் மறுபக்கம். எல்லாச் சுமையும் பிரேக்குக்கு. எண்ணெய் வற்றி ஃப்ரீவீல் இறுகிப்போனால் நிலைமை மோசம். அப்போது சக்கரம் இன்ஜினைச் சுழற்றத் தொடங்கும். கீழ்க்கியரில் வண்டி வேகமாக உருண்டால் இன்ஜின் தன் வரம்பைத் தாண்டிச் சிதையும்.

ஆனால் டிரைவர்கள் உண்மையிலேயே பயந்த பாகம் ஃபைனல் டிரைவில் உள்ள ரிவர்சர். வண்டி முன்னே போவதா பின்னே போவதா என்பதை ஆக்சிலின் மேலேயே, காற்றழுத்தத்தால் நகரும் பல்கிளட்ச் ஒன்று தீர்மானிக்கிறது. கடைசி நிலையத்தில் டிரைவர் மறுமுனைக் கேபினுக்கு நடந்துபோய்த் திசையை மாற்றும்போது எல்லா ஆக்சில்களிலும் அந்தக் கிளட்ச் நகர வேண்டும். பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டால் நகராது. டிரைவரின் பலகையில் எரிய வேண்டிய விளக்கு எரியாது. மற்ற ஆக்சில்களின் பலத்தில் வண்டியைச் சற்றே உருட்டினால் பெரும்பாலும் பல் விலகி உள்ளே விழும். விழாவிட்டால் அந்த இன்ஜினை நிறுத்தி, அந்த ஃபைனல் டிரைவை நடுநிலையில் பூட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பூட்டாமல் ஓட்டினால் ஓர் ஆக்சில் மட்டும் எதிர்த்திசைக்கு இணைந்த நிலையில் இழுபடும். பற்கள் உடையும், ஷாஃப்ட் முறுக்கிக்கொள்ளும். மழையில் பெட்டிக்கு அடியில் குனிந்து, கிரீஸ் அப்பிய பூட்டைத் தேடும் வேலை அது. கெட்டுப்போன வண்டியை இழுத்துச் செல்வதற்கு முன்பும் அதே பூட்டு கட்டாயம்.

இப்போது நீலச் சதுரம். அது ஒரு மொழியின் பெயர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு வண்டிகளைக் கோக்கும்போது கொக்கி மட்டும் மாட்டினால் போதாது. பிரேக் குழாய்கள், காற்றுக் குழாய், த்ராட்டில் மற்றும் கியர்க் கட்டளைகளைக் கடத்தும் மின்கேபிள்கள் எல்லாம் சேர வேண்டும். தொடக்க ஆண்டுகளில் வெவ்வேறு வண்டிகளில் வெவ்வேறு வயரிங். எது எதோடு பேசும் என்று யார்டில் நிற்பவருக்கு ஒரே பார்வையில் தெரியவேண்டும் என்பதற்காகக் குறி வரைந்தார்கள். நீலச் சதுரம், மஞ்சள் வைரம், சிவப்பு முக்கோணம், ஆரஞ்சு நட்சத்திரம், வெள்ளை வட்டம். நீலச் சதுரமே பின்னாளில் பெரும்பான்மை ஆயிற்று. மெட்ரோ-கேம்மல் கட்டிய கிளாஸ் 101-உம் அந்த டார்பி 107-உம் நீலச் சதுரங்கள்.

ஸ்காட்லாந்தின் மிகப் பெருமைக்குரிய டீசல் வண்டி இந்த மொழி தெரியாமல் பிறந்தது என்பதை நான் பெரிய இழப்பாகவே நினைக்கிறேன். ஸ்விண்டன் பணிமனையில் கட்டி, 1957 தொடக்கத்தில் எடின்பரோ - கிளாஸ்கோ 47 மைல் பாதைக்கு வந்த இன்டர்சிட்டி வண்டிகளும், அவற்றைத் தொடர்ந்து 1959-இல் தென்மேற்கு ஸ்காட்லாந்தின் ஏர், கிர்வன், ஸ்ட்ரன்ரார் ஊர்கள் பக்கம் ஓட வந்த உடன்பிறப்புகளும் வெள்ளை வட்டம். பின்னாளில் கிளாஸ் 126 என்று பெயர் பெற்றவை இவைதான். பெட்டிவிட்டுப் பெட்டி நடந்துபோகும் வழி, பஃபே என்று நீண்ட பயணத்துக்குரிய வசதிகளோடு வந்த வண்டி. ஆனால் பக்கத்துத் தண்டவாளத்தில் நீலச் சதுர வண்டி சும்மா நின்றாலும் உதவிக்குக் கோக்க முடியாது. ஒரு பெட்டி பழுதானால் அதன் இனத்திலிருந்தே மாற்று வர வேண்டும். 1971-இல் எடின்பரோ - கிளாஸ்கோ பாதையை முன்னும் பின்னும் கிளாஸ் 27 இன்ஜின் பூட்டிய ரயில்கள் எடுத்துக்கொண்டன. ஏர்ஷயர் வண்டிகள் 1980களின் தொடக்கம்வரை தாக்குப்பிடித்தன. ஒரு தொகுதி இன்று போ'நெஸ் (Bo'ness) என்ற ஊரின் பழைய ரயில்பாதையில் இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள், அந்த வெள்ளை வட்டத்தையும்.

டீசல் வாடைக்கு வருவோம். நீராவி இன்ஜின் இருந்தவரை பெட்டிகளைச் சூடேற்ற அதன் நீராவியே போதுமானதாக இருந்தது. அது போனதும், தரைக்கு அடியில் ஸ்மித்ஸ் கம்பெனியின் எண்ணெய் ஹீட்டரை வைத்தார்கள். இன்ஜின் குடிக்கும் அதே டீசலை ஒரு சிறு அறையில் எரித்து, அந்தச் சூட்டில் காய்ந்த காற்றைப் பெட்டிக்குள் ஊதும். பற்றவைப்பது மின்சாரத்தில் பழுக்கக் காயும் ஒரு குளோ பிளக். அது தேய்ந்தாலோ, இரவெல்லாம் நின்ற வண்டியில் பேட்டரி சோர்ந்திருந்தாலோ டீசல் வந்துகொண்டிருக்கும், நெருப்பு பிடிக்காது. எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியேறும். நீங்கள் முகர்ந்தது அதுவாக இருக்கலாம். சில நிமிடங்களில் வாடை போய் வெப்பம் வந்திருந்தால் ஹீட்டர் நன்றாகவே இருக்கிறது. வராவிட்டால் பாதுகாப்பு சுவிட்ச் அதை அணைத்திருக்கும்.

நிலையத்தில் நிற்கும்போது ஜன்னல் சட்டமும் சாமான் தட்டும் கிடுகிடுப்பதும் இதே குடும்பம்தான். இன்ஜின் மெல்ல ஓடும்போது அதிர்வு மெதுவாக, பெரிதாக இருக்கும், தளர்ந்த பலகைகள் எல்லாம் அதோடு சேர்ந்து ஆடும். வேகம் ஏறியதும் அடங்கிவிடும்.

பிரியத்துக்கான காரணமும் அந்தத் தரைக்கு அடியில்தான் இருக்கிறது. இன்ஜின் கீழே போனதால் வண்டியின் முன்புறம் காலியாயிற்று. டிரைவருக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பு வைத்து, அதை ஒட்டியே இருக்கைகள் போட்டார்கள். அதுவரை பயணிகள் பார்த்ததெல்லாம் பக்கவாட்டில் ஓடும் வயல்களை. முதன்முறையாக, வரவிருக்கும் வளைவையும் சிக்னல் கை இறங்குவதையும் ஃபோர்த் பாலத்தின் இரும்புக்கூண்டு வாய்திறப்பதையும் சாதாரண டிக்கெட்டில் பார்க்க முடிந்தது. அந்த இருக்கைக்காகப் பிள்ளைகள் பிளாட்பாரத்தில் ஓடினார்கள். அந்தப் பிள்ளைகள்தான் உங்களோடு பயணம் செய்த பெரியவர்கள்.

1980களின் இறுதியில் வந்த கிளாஸ் 156-இல் பெட்டிக்கு ஒரே இன்ஜின், 285 குதிரைத்திறன் கம்மின்ஸ். கியருக்குப் பதில் ஃபோய்த் ஹைட்ராலிக் பெட்டி. இடைவெளி இல்லாமல் இழுக்கும், நல்ல வண்டி. முன்பக்கம் பார்க்கும் கண்ணாடி இல்லை. பழையவை போனதற்கு வயது மட்டும் காரணமில்லை. பல பெட்டிகளின் உட்சுவரில் கல்நார் பூசியிருந்தார்கள், அதை அகற்றுவது பெரும் செலவு.

இதே காலத்தில், 1958-இல், அபர்டீன் - பாலட்டர் பாதையில் இதே உருவில் பேட்டரியால் ஓடும் இரண்டு பெட்டி ரயிலை ஓட்டினார்கள். இன்ஜினுக்குப் பதில் தரைக்கு அடியில் 216 ஈய அமில பேட்டரி செல்கள். மக்கள் 'ஸ்புட்னிக்' என்று அழைத்தார்கள். பாதை 1966-இல் மூடப்பட்டது, வண்டி தப்பியது. டீசல் வேண்டாம் என்று இன்று யோசிப்பவர்கள் அதை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

அடுத்த முறை போகும்போது சத்தம் வேண்டாம் என்றால் நடுப்பெட்டியில் உட்காருங்கள். இன்ஜினைக் கேட்க வேண்டுமானால் மோட்டார் பெட்டியின் நடுவில். வேகமானி தெரியும்படி டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்தால் கியர் மாற்றங்களை எண்ணிக்கொண்டே வாருங்கள். பகலிலேயே போய்விடுங்கள். இருட்டியதும் பெட்டி விளக்கு முன்கண்ணாடியில் பிரதிபலிக்கும் என்பதால் டிரைவர் திரையை இழுத்து மூடிவிடுவார்.

அன்புடன்,
ஆசிரியர்