‘12 இயர்ஸ் எ ஸ்லேவ்’ பார்க்கலாமா? சவுக்கைவிடத் தராசைக் கவனியுங்கள்

கேள்வி: ஆஸ்கர் வாங்கிய ‘12 இயர்ஸ் எ ஸ்லேவ்’ படத்தை வீட்டில் எல்லோருமாகப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், வரலாற்றில் ஆர்வம் உண்டு. ஆனால் அதில் வரும் அடி உதையைக் கண்கொண்டு பார்க்க முடியாது என்கிறார்கள். அவ்வளவையும் சகித்துக்கொண்டு பார்க்கும் அளவுக்கு அதில் விஷயம் இருக்கிறதா? கதை எவ்வளவு தூரம் உண்மை?

பதில்: பார்க்கலாம். மகளோடும் பார்க்கலாம், ஆனால் பெரியவர்களில் ஒருவர் முன்கூட்டியே பார்த்து வைத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா போட்டுப் பார்க்கிற படம் இல்லை இது. அழவைக்கிற படம் என்று மட்டும் நினைத்து உட்கார்ந்தாலும் பாதி விஷயம் நழுவிப் போய்விடும். மனிதர்களைச் சரக்காக வாங்கி விற்ற ஒரு தொழில் எந்தக் கணக்கில் ஓடியது, எந்தப் பத்திரத்தில் நின்றது என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய படம் அதிகம் இல்லை. பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

படம் 2013இல் வந்தது. ஓடும் நேரம் 134 நிமிடம். இயக்குநர் ஸ்டீவ் மெக்வீன் பிரிட்டன்காரர். அதே பெயருள்ள பழைய ஹாலிவுட் நடிகர் வேறு. 2014 மார்ச்சில் நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த படம், தழுவல் திரைக்கதை, துணை நடிகை என மூன்று விருதுகள் கிடைத்தன. அமெரிக்காவில் ‘ஆர்’ சான்றிதழ் (17 வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் துணை வேண்டும்), பிரிட்டனில் 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு. பிளஸ் ஒன் பெண்ணுக்கு அந்த 15 சரியான கோடுதான். எட்டாம் வகுப்புத் தம்பி இருந்தால் அவனை அன்று பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

கதை நிஜ மனிதருடையது. சாலமன் நார்த்தப் நியூயார்க் மாகாணத்தில் சுதந்திர மனிதராகவே பிறந்தவர். சரடோகா ஸ்பிரிங்ஸ் ஊரில் மனைவி ஆன், மூன்று பிள்ளைகளோடு வாழ்ந்தார். வயலின் வாசிப்பார். சர்க்கஸில் வாசிக்க வேலை தருகிறோம் என்று 1841இல் இரண்டு பேர் அவரை வாஷிங்டனுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே மயக்கமடைந்து, விழித்தபோது சங்கிலியில் கிடந்தார். பிறகு நியூ ஆர்லியன்ஸ் சந்தை, லூசியானா பண்ணைகள், ‘பிளாட்’ என்று அவர்கள் வைத்த பெயர். 1853 ஜனவரியில் மீண்டார். அதே ஆண்டே டேவிட் வில்சன் என்ற வெள்ளை வழக்கறிஞரின் உதவியோடு புத்தகமும் வந்துவிட்டது. படம் அந்தப் புத்தகத்தை வைத்து எடுத்தது.

பார்ப்பவர்கள் முதல் அரை மணி நேரத்தில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘நான் அடிமை இல்லை என்று அவர் சொல்ல வேண்டியதுதானே?’ சொல்கிறார். சொன்னதற்குத்தான் அந்த முதல் அடி. அன்றைய வாஷிங்டனில் கறுப்பராக இருந்தாலே அடிமை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். சுதந்திர மனிதர் என்பதற்குச் சான்றிதழ் காட்டுவது அவர் பாடு. கடத்தியவன் முதலில் பறிப்பது அந்தக் காகிதத்தை. அதற்குப் பிறகு ‘எனக்கு எழுதப் படிக்கத் தெரியும்’ என்பதே ஆபத்தான வாக்குமூலம். விஷயம் வெளியே வந்தால் விற்றவனுக்குச் சிக்கல், வாங்கியவனுக்கு நஷ்டம். இவரைக் கொன்றுவிடுவதோ, யாரும் தேடி வர முடியாத தூரத்துக்கு மறுபடி விற்றுவிடுவதோ இருவருக்கும் லாபம். அவர் 12 ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்ததை இந்தக் கணக்கை வைத்துப் பார்க்க வேண்டும். இதை மகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் படத்தின் முதல் பாதி அவளுக்குத் தெளிவாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவையுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதை அமெரிக்கா 1808லேயே தடை செய்துவிட்டது. ஆனால் தெற்கே பருத்திப் பண்ணைகள் பெருகிக்கொண்டே போயின. சரக்கு உள்நாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றானதும் அடிமைகளின் விலை ஏறியது. சுதந்திரமாக நடமாடிய கறுப்பர்களைத் தூக்கிக்கொண்டு போய் விற்பதும் ஒரு தொழிலானது.

சந்தைக் காட்சியில் விலையைக் கவனியுங்கள். சாலமனுக்கு 1,000 டாலர், எலைசா என்ற தாய்க்கு 700. அவளுடைய சின்ன மகளையும் சேர்த்துக் கொடு என்று வாங்க வந்த ஃபோர்டு கேட்கிறார். வியாபாரி ஃப்ரீமேன் மறுக்கிறான். அவன் கொடூரன் என்பதால் மட்டுமல்ல. அந்தக் குழந்தை அழகாக வளருவாள், அப்போது பல மடங்கு விலை போவாள் என்று அவன் கணக்குப் போட்டுவிட்டான். புத்தகத்திலும் இது இப்படித்தான் இருக்கிறது.

அடுத்து தூக்கில் தொங்கும் காட்சி. படத்தில் பலருக்கும் புரியாமல் போகும் இடம் இது. டிபீட்ஸ் என்ற தச்சன் சாலமனைத் தூக்கிலிடப் பார்க்கிறான். மேற்பார்வையாளர் துப்பாக்கியோடு வந்து அவனை விரட்டுகிறார். ஆனால் கயிற்றை அறுக்கவில்லை. கால் விரல் சேற்றில் பட்டும் படாமலும் சாலமன் நிற்க, பின்னால் மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள், குழந்தைகள் விளையாடுகிறார்கள். ஏன் இப்படி?

பதில் அடமானப் பத்திரத்தில் இருக்கிறது. ஃபோர்டு கடன் நெருக்கடியில் சாலமனை டிபீட்ஸுக்கு விற்றுவிட்டார். ஆனால் விலை, டிபீட்ஸுக்கு ஃபோர்டு தர வேண்டிய பாக்கியைவிட அதிகம். மிச்சமுள்ள 400 டாலருக்குச் சாலமனின் உடல் மீதே ஃபோர்டுக்கு அடமானம். ஆகவே டிபீட்ஸ் அவரைக் கொன்றால் ஃபோர்டின் 400 டாலர் போகும். மேற்பார்வையாளர் தடுத்தது அதைத்தான். அதே சமயம் சட்டப்படி உரிமையாளன் டிபீட்ஸ். பிறத்தியான் சொத்தில் கைவைக்க மேற்பார்வையாளருக்கு அதிகாரம் இல்லை, ஃபோர்டு வரும்வரை காத்திருக்கிறார். அந்த அடமானத்தால்தான் உயிர் பிழைத்தேன் என்று நார்த்தப்பே எழுதியிருக்கிறார். படத்தில் இதற்கு ஓரிரு வரி வசனம்தான். சப்டைட்டிலை ஒரு நொடி தவறவிட்டால் அந்த நீண்ட காட்சி வெறும் சித்திரவதையாகவே தெரியும்.

மூன்றாவது, தராசு. எப்ஸ் என்பவனின் பண்ணைக்குப் போன பிறகு ஒவ்வொரு நாள் மாலையும் பருத்திக் கூடைகள் நிறுக்கப்படுகின்றன. நாளொன்றுக்கு ஒருவர் 200 பவுண்டு எடுக்க வேண்டும், அதாவது 90 கிலோவுக்குச் சற்று மேல். பேட்சி என்ற இளம்பெண் 500 பவுண்டு எடுக்கிறாள், 227 கிலோ. நம் கரிசல் காட்டில் பருத்தி எடுத்தவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், இந்த எண்ணைக் கேட்டதும் சிரிப்பார்கள், பிறகு சிரிப்பை நிறுத்துவார்கள். நார்த்தப் தன் முதல் நாள் எடுத்தது 95 பவுண்டுதான். குறைந்தால் சவுக்கு. சரி, கூடுதலாக எடுத்துவிட்டால்? மறுநாளிலிருந்து அதுவே அவருடைய அளவாகிவிடும். அதனால் தராசுக்குப் போகிறவர்கள் எல்லோரும் பயந்துகொண்டேதான் போனார்கள் என்று புத்தகத்தில் இருக்கிறது. பஞ்சில் செத்தையோ காயோ கலந்திருந்தால் 25 அடி என்று தண்டனைக்கும் பட்டியல் இருந்தது. படத்தின் சவுக்குக் காட்சிகளுக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு நிறுவைக் காட்சி வருவதைக் கவனித்தால், எப்ஸ் வெறும் வெறியன் இல்லை, கணக்கு வைத்திருக்கும் வெறியன் என்பது புலப்படும்.

எங்கே உண்மையிலிருந்து விலகுகிறது? பெரும்பகுதி புத்தகத்தின்படியே போகிறது. மாற்றிய இடங்களில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. கப்பலில் ஒரு கைதியை மாலுமி குத்திக் கொல்வதாகப் படம் காட்டுகிறது. அந்த ராபர்ட் உண்மையில் பெரியம்மையில் இறந்தார். பேட்சி தன்னைக் கொன்றுவிடும்படி சாலமனிடம் கெஞ்சும் காட்சி மனத்தைப் பிசையும். ஆனால் புத்தகத்தில் பேட்சியைக் கொல்லச் சொல்லி லஞ்சம் காட்டியது எப்ஸின் மனைவி. ஃபோர்டைப் படம் நல்லவர்போல் காட்டி உள்ளே குத்துகிறது: அவர் பைபிள் வாசிக்கும் குரலின் மேல் எலைசாவின் அழுகை ஏறி நிற்கும். நார்த்தப்போ அவரை மனமாரப் புகழ்ந்துதான் எழுதியிருக்கிறார். இங்கே படத்தின் பார்வை புத்தகத்தைவிடக் கூர்மையானது என்பேன். மீட்க வருபவர் படத்தில் கடைக்காரர் பார்க்கர். நிஜத்தில் வந்தவர் ஹென்றி நார்த்தப் என்ற வெள்ளை வழக்கறிஞர், சாலமனின் தந்தையை ஒருகாலத்தில் அடிமையாக வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். கடத்தப்பட்ட தன் குடிமக்களை மீட்க நியூயார்க் 1840இல் ஒரு சட்டமே போட்டிருந்தது. அவர் வந்தது அந்தச் சட்டப்படி ஆளுநர் நியமித்த பிரதிநிதியாக. படம் இதை விட்டுவிட்டது பெரிய குறை. கடைசியில் யாரோ வண்டியில் வந்து இறங்கி அழைத்துப் போவதுபோல் ஆகிவிட்டது.

இனி, வீட்டில் பார்க்கும்போது எங்கெங்கே கவனம் தேவை. முதல் அரை மணி நேரத்துக்குள் சங்கிலியில் கட்டி மரப்பலகையால் அடிக்கும் காட்சி. தொடர்ந்து சந்தையிலும் அதற்கு முன்பும் நிர்வாணம். பாலியல் நோக்கில் இல்லை, மாட்டைச் சோதிப்பதுபோல் மனிதரைச் சோதிப்பது. பாதிக்கு முன்னால் தூக்குக் காட்சி. பிற்பாதியில் எப்ஸ் பேட்சியைப் பலாத்காரம் செய்வது. உடல் அதிகம் தெரியாது, ஆனால் முகங்கள் தெரியும், அதுதான் கனமானது. கடைசி அரை மணி நேரத்தில் சோப்புக்காக அடுத்த பண்ணைக்குப் போய் வந்த பேட்சியைக் கட்டிவைத்து அடிக்கும் காட்சி. வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டாக ஐந்து நிமிடம் அளவுக்கு நீளும். எப்ஸ் சவுக்கைச் சாலமனின் கையிலேயே கொடுக்கிறான். பார்க்க முடியாதவர்கள் எழுந்து போகட்டும், தப்பில்லை. ஆனால் ரிமோட்டை அழுத்தி ஓட்டிவிட வேண்டாம். அது முடிந்ததும் சாலமன் தன் வயலினை என்ன செய்கிறார் என்பது வேகமாக ஓட்டினால் தெரியாமல் போகும். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இரவில் ஒரு பெண் சாலமனின் கையைப் பற்றும் சிறு காட்சியும் உண்டு. அது புத்தகத்தில் கிடையாது. குடும்பத்தோடு பார்க்கையில் திடீரென்று வந்து சங்கடப்படுத்தும்.

ஆரம்பமே குழப்பும். கரும்புத் தோட்டத்தில், ஏற்கெனவே அடிமையாக இருக்கும் சாலமனிடமிருந்து கதை தொடங்கி, பழச்சாற்றில் எழுதிப் பார்ப்பது வரை போய், பிறகு சரடோகா வீட்டுக்குத் திரும்புகிறது. அந்தக் கரும்புத் தோட்டம் கதையில் பின்னால்தான் வரும், எப்ஸின் பருத்தியில் புழு விழுந்து ஆட்களை வாடகைக்கு அனுப்பும்போது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் ‘என்ன நடக்குது’ என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரே மூச்சில் முடியாது என்றால் சாலமன் எப்ஸ் பண்ணைக்குப் போய்ச் சேரும் இடத்தில் நிறுத்துங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்; கதையும் அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தாலும் சப்டைட்டில் போடுங்கள்: பழைய நடை, தெற்கத்தி உச்சரிப்பு இரண்டும் சேர்ந்து பாதி வசனத்தை விழுங்கிவிடும். கறுப்பரை இழிவுபடுத்தும் சொல் திரும்பத் திரும்ப வரும், ஒரு பாட்டாகவே வரும். அது இன்று வாயில் வரக்கூடாத சொல் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். போனில் பார்க்காதீர்கள். மெழுகுவத்தி வெளிச்சக் காட்சிகள் நிறைய. அகலமான ஷாட்டில் பின்னணியில் நடப்பதுதான் பல இடங்களில் கதை.

குறைகள் இல்லாமல் இல்லை. 12 ஆண்டுகள் கடந்ததே உறைக்காது. ஆண்டைச் சொல்லும் எழுத்து எங்கும் அதிகம் வருவதில்லை, நரைத்த தலையைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். கனடாக்காரத் தச்சர் பாஸாகப் பிராட் பிட் வந்து அடிமை முறை தவறு என்று பேசும் இடம் பிரசங்கமாக ஒலிக்கிறது. அவர் படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவர் என்று தெரிந்தவர்களுக்கு இன்னும் உறுத்தும். பாஸ் நிஜ மனிதர், சாலமனை மீட்கச் சொல்லி ஊருக்குக் கடிதங்களை எழுதியவரும் அவரே. நடிகர் தேர்வுதான் பிசகு.

இதெல்லாம் தாங்காது என்று வீட்டில் யாருக்காவது தோன்றினால் அவர்களுக்குப் புத்தகம் நல்லது. பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் ஆங்கில மூலம் இணையத்தில் இலவசமாக, சட்டப்படியே கிடைக்கிறது. அடியை அது நிதானமாகச் சொல்லிக் கடக்கும். பண்ணை வேலை, சாப்பாடு, தராசு, பத்திரம் பற்றிப் படத்தைவிடப் பல மடங்கு சொல்லும்.

படம் முடிந்ததும் டிவியை அணைத்துவிடாதீர்கள். கடைசியில் வரும் எழுத்துகளைப் படியுங்கள். தன்னை வாஷிங்டனில் அடைத்துவைத்துத் தெற்கே விற்ற வியாபாரி மீது சாலமன் அங்கேயே வழக்குப் போட்டார். வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் அங்கே சாட்சி சொல்ல முடியாது என்பதால் அவன் தப்பினான். கடத்திய இருவரையும் நியூயார்க்கில் 1854இல் கைது செய்தார்கள். 1857இல் அந்த வழக்கையும் கைவிட்டார்கள். அதன் பிறகு சாலமன் எங்கே போனார், எப்போது இறந்தார் என்பதற்கு உறுதியான பதிவு ஏதும் இல்லை.